அலரும் அவையும்

முன்னுரை

சவ்வாது மலையில் தோன்றும் சேயாறும், அம்மலையின் அடிவாரத்தில் அமைந்த செங்கமும் தமிழிசை வரலாற்றில் தனியிடம் பெறுவன. செங்கண்மா எனப்பட்ட அவ்வூரில் வீற்றிருந்த நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்துவது மலைபடுகடாம். முழவு, ஆகுளி, பாண்டில், கோடு, குழல், எல்லரி, பதலை முதலிய இசைக்கருவிகளைக் கூறியே அது தொடங்குகின்றது. பெருங்கௌசிகனார் பாடிய இப்பாட்டின் 583 அடிகளுள் கருவிகளின் இயல்பும் மலைவழியின் இயல்பும் அறிஞர் பலரால் ஆராயப்பெற்றுள்ளன. இசைவாணரைப் பற்றி உலகம் பேசும் பேச்சுக்கு வரம்பு உண்டா என்னும் வினா அத்துணை ஆராயப்பெறவில்லை. அவ்வினாவுக்கு இப்பாட்டும் அகமரபும் தரும் விடையை, இருபதாம் நூற்றாண்டின் நிகழ்ச்சி ஒன்றோடு ஒப்பவைத்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நன்னன் அவை

நன்னனுடைய சிறப்புக்களை எடுத்துரைக்கும் பகுதியில் புலவர் அவனது அவையின் ஒழுக்கத்தையும் கூறுகின்றார். வந்த கலைஞர் தம் கருத்தைத் திறம்பட உரைக்க வல்லர் அல்லராயினும், அவையினர் அக்குறையைப் பிறர் அறியாவாறு மறைப்பர். சொல்லும் முறையைத் தாமே காட்டி, அவரை நன்னெறியிற் செலுத்துவர். இது வெறும் விருந்தோம்பல் அன்று. கலைஞனின் திறம் வெளிப்பட வேண்டுமாயின் அவன் குறை தூற்றப்படலாகாது என்னும் கொள்கை இதன்கண் அடங்கியுள்ளது. பரிசில் கொடுத்தலோடு மானம் காத்தலும் புரவலன் கடனாகக் கருதப்பட்டது என்க.

பெயர் சுட்டாமை

இனி, அலர் என்பதை நோக்குவோம். களவொழுக்கம் பற்றி ஊரார் வாய்க்குள் முணுமுணுப்பதை அம்பல் என்றும், அது பலரறிய விரிந்ததை அலர் என்றும் உரையாசிரியர் வேறுபடுத்துவர். வள்ளுவரும் அலரறிவுறுத்தல் என ஓர் அதிகாரம் வகுத்தார். ஆதலின் ஊர்வாய் பேசாத காலம் ஒன்று இருந்தது எனக் கொள்ளுதல் பொருந்தாது. ஆயின், அப்பேச்சைப் பாடுபொருளாகக் கொண்ட புலவர் ஒரு வரம்பை மேற்கொண்டனர். அகத்திணையில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்பெறலாகாது என்பது தொல்காப்பியர் விதி. வேலில் அணிந்த வேப்பந்தழை பாண்டியனைச் சுட்டிவிடுதலின் நெடுநல்வாடை புறமாயிற்று என்பர் நச்சினார்க்கினியர். ஒரு தழையே நூலின் திணையை மாற்றிவிடும் அளவுக்கு அவ்வரம்பு நுண்ணியதாக இருந்தது. புகழும் பழியும் பெயரோடு பாடப்பெறும் இடம் புறம். ஒருவரின் காதலும் இல்லறமும் பெயரின்றியே பாடப்பெற்றன.

சினிமா தூது

இவ்வரம்பு அச்சுத்தொழிலிற் சிதைந்தமைக்குச் சான்று சென்னையிற் கிடைக்கின்றது. இசைத்தட்டும் பேசும் படமும் பரவியபின் பாடகரின் குரல் அவர் செல்லாத ஊர்களிலும் ஒலித்தது. குரலைக் கேட்டோர் வாழ்வையும் அறிய விழைந்தனர். அவ்விழைவே வணிகப் பொருளாயிற்று. 1943-இல் சி. என். லட்சுமிகாந்தன் தொடங்கிய ‘சினிமா தூது’ கலைஞரின் அந்தரங்க வாழ்வைப் பெயர் சுட்டி எழுதியது. எம். கே. தியாகராஜ பாகவதர் முதலியோர் ஆளுநர் ஆர்தர் ஹோப்பிடம் முறையிட, அதன் உரிமம் நீக்கப்பட்டது. எனினும் ‘இந்து நேசன்’ என்னும் இதழ் வாயிலாக அவ்வெழுத்துத் தொடர்ந்தது.

1944 நவம்பர் 8-ஆம் நாள் வேப்பேரியில் லட்சுமிகாந்தன் கத்தியாற் குத்தப்பட்டார், மறுநாள் இறந்தார். அக்கொலைக்குச் சதி செய்ததாகப் பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் பிறரும் குற்றஞ்சாட்டப்பெற்றனர். 1945-இல் இவ்விருவர்க்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பெற்றது. வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, மீண்டும் சென்னை உயர்நீதிமன்றத்திற்கு வந்தது. 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர் என விடுதலை பெற்றனர்.

விளைவு

1944 தீபாவளிக்கு வெளிவந்த ‘ஹரிதாஸ்’, அதன் தலைவர் சிறையிலிருந்த காலத்தும் சென்னை பிராட்வே அரங்கில் ஓடியது. மூன்று தீபாவளிகளைக் கண்டது. பாபநாசம் சிவன் இயற்றிய பாடல்களைக் கேட்க மக்கள் திரண்டனர். ஆகவே பழிமொழியால் கேட்போர் நீங்கினர் என்று சொல்லுதற்கில்லை, நீங்கியது தொழிலே. ஒப்பந்தங்கள் குலைந்தன. பாகவதர் நடிப்பதாக இருந்த ‘உதயணன்’ படத்தில் ஜி. என். பாலசுப்பிரமணியம் நடித்தார். பெருங்கதையில் யாழ்வல்ல உதயணன் சிறைப்படுகின்றான். அவனாக நடிக்க இருந்த பாடகரோ மெய்யாகவே சிறையில் இருந்தார்.

விடுதலைக்குப் பின் வந்த ‘ராஜமுக்தி’ (1948), ‘அமரகவி’ (1952) முதலியன பழைய வெற்றியை ஈட்டவில்லை. 1959 நவம்பர் 1-இல், ஐம்பது அகவை நிரம்புமுன் அவர் மறைந்தார். இவ்வீழ்ச்சிக்கு அலர் ஒன்றே காரணம் என்றல் மிகையாகும். ‘நல்லதம்பி’ (1949) முதலிய படங்களால் கிருஷ்ணன் மீண்டெழுந்தமையை ஈண்டு ஒப்புநோக்குக. பாடல் மிகுந்த புராணப்படம் குன்றி, உரையாடல் மிகுந்த சமூகப்படம் ஓங்கியதும், பின்னணிப்பாடல் நிலைபெற்றதும் அக்காலத்தேயாம். நகைச்சுவைக் கலைஞர்க்கு அம்மாற்றம் இடங்கொடுத்தது. பாடி நடிப்பவர்க்கு இடத்தைக் குறைத்தது. அம்மாற்றத்தைத் தம் குரல் வளம் மிக்கிருந்த அகவையிலேயே எதிர்கொள்ளும் வாய்ப்பினை வழக்கு பாகவதரிடமிருந்து பறித்தது என்பதே பொருந்தும்.

முடிவுரை

அகத்தைப் பெயரிட்டுப் புறமாக்குதலே பழிமொழி இதழின் இயல்பு. அதன் கேடு இதழோடு முடியவில்லை. ஆராய்வோரையும் அது பற்றுகின்றது. பாகவதர் என்றவுடன் அவர் பாடிய இராகங்களுக்கு முன் வழக்கே நினைவிற்கு வருகின்றது. வழக்கின் ஏடுகள் புறத்தின்பாற்படும். அவற்றை ஆராய்தல் தகும். அவ்விதழ்கள் அந்தரங்கம் பற்றி எழுதியவற்றை மீண்டும் எடுத்தெழுதுதல் வரலாறு ஆகாது. அலரின் நீட்சியே ஆகும். எது கூறத்தகும், எது மறைக்கத்தகும் என்பதைச் சேயாற்றங்கரை அவையினர் அறிந்திருந்தனர். இசைவாணர் வரலாறு எழுதுவோர் அவர்தம் ஒழுக்கத்தைத் தமக்கும் உரியதாகக் கொள்ளுதல் வேண்டும்.