ஒரு ராத்திரிக்கு ஆறு மாதம்

பல்லேகல என்றதும் எல்லாரும் கிரிக்கெட் மைதானத்தைத்தான் சொல்வார்கள். ஐந்து நாள் டெஸ்ட் ஆட உடம்பை எப்படித் தயார்பண்ணுவது என்று கேட்டால் இங்கே சின்னப் பெடியன்கூட பதில் சொல்வான். விடிய விடிய கூத்தாட உடம்பை எப்படித் தயார்பண்ணினார்கள் என்று கேட்டால்தான் முழிப்போம். அதற்கான பதிலில் ஒரு பகுதி, இங்கிருந்து இரண்டு பஸ் மாறினால் வருகிற பேராதனையில் கிடக்கிறது.

லண்டனில் ‘த மவுஸ்ட்ராப்’ 1952 நவம்பரில் தொடங்கி, கொரோனா காலத்தில் மட்டும் நின்று, இன்னும் ஓடுகிறது. அப்படி ஓடும் நாடகங்களில் ஒரே வசனத்தைக் கிழமைக்கு எட்டுத் தடவை பேச வேண்டும். தொண்டை போகக்கூடாது, சலிப்பும் தெரியக்கூடாது. அங்கத்தைய நாடகப் பள்ளிகளில் மூச்சுக்கும் குரலுக்கும் அவ்வளவு நேரம் செலவழிப்பது அதனால்தான். நம்ம கூத்துக்காரருக்கு இருந்த பிரச்சினை வேறு. அவர்களுக்கு நீளம் என்பது ஒரே ராத்திரிக்குள் இருந்தது. மைக் இல்லை. ஆடுபவரே பாடவும் வேண்டும். வடமோடி ராஜா என்றால் பாரமான கரப்பு உடுப்பும் கிரீடமும் வேறு.

மட்டக்களப்பில் இதற்கு ஒரு பள்ளிக்கூடமே இருந்தது, கட்டிடம் மட்டும் இல்லை. அண்ணாவியார் ஆளையும் குரலையும் பார்த்துப் பாத்திரம் பிரித்து, அவரவர் பாட்டையும் வசனத்தையும் கொடுப்பார். அதற்குப் பெயர் சட்டம் கொடுத்தல். பிறகு மாதக்கணக்கில் பழக்கம். பகலில் வயல், இரவில் களரி. முதலில் தாளக்கட்டு, அது காலில் ஏறிய பிறகுதான் மற்றது. கொஞ்சம் தேறியதும் கிழமைக் கூத்து. அதற்கும் பிறகுதான் சதங்கை அணிதல். அன்று ஊரே வந்து பார்க்கும், பிழை விட்டால் சதங்கைச் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். அடுத்தது அடுக்குப் பார்த்தல், கடைசியில் அரங்கேற்றம். இந்த ஒழுங்கைப் பாருங்க: பாரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூடுகிறது. வெறுங்கால், பிறகு சதங்கை, பிறகு முழு உடுப்பு. இன்றைக்கு ஜிம்மில் காசு கட்டிப் படிக்கிற விஷயம்தான் இது.

களரிக்குள்ளேயும் இளைப்பாற இடம் வைத்திருந்தார்கள். கூத்தர் பாடியதைப் பக்கப்பாட்டுக்காரர் வாங்கிப் பாட, அந்த நேரத்தில் அவர் ஆடலாம், தொண்டைக்கு ஓய்வு. யாழ்ப்பாணம், மன்னார் பக்கத்துக் கத்தோலிக்கக் கூத்துகளில் இன்னும் நேரடியான வழி ஒன்று உண்டு. தலைமைப் பாத்திரத்தை ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடர்வார். ஒரே அரசனுக்கு ஒரே ராத்திரியில் இரண்டு மூன்று பேர்!

இந்தக் கூத்துத்தான் கண்டிக்கு வந்தது. 1956இல் சரச்சந்திரவின் ‘மனமே’ மேடையேறி, சிங்கள நாடகத்துக்குத் தன் மரபிலேயே ஒரு வடிவம் உண்டு என்று காட்டியது. சிங்களம் மட்டும் சட்டம் வந்ததும் அதே வருடம்தான். அப்படியானால் தமிழுக்கு எது வடிவம் என்ற கேள்வியோடு, பேராதனைத் தமிழ்த்துறையில் இருந்த சு. வித்தியானந்தன் கூத்துப் பக்கம் போனார். 1962இல் ‘கர்ணன் போர்’, பிறகு ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலி வதை’. இராவணனாக ஆடிய மாணவர் மௌனகுரு மட்டக்களப்புக்காரர். ஆட்டம் அவருக்குப் பல்கலைக்கழகம் சொல்லிக்கொடுத்த பாடமில்லை, ஊரிலிருந்து கொண்டுபோனது.

விடியும்வரை போன கூத்து அங்கே ஒன்றரை மணித்தியாலம் அளவுக்குச் சுருங்கியது. நாலு பக்கமும் சனம் இருந்த வட்டக்களரி, ஒரு பக்கம் பார்த்த மேடையானது. பெண் பாத்திரங்களை மாணவிகளே ஆடினார்கள். ஊரில் அதுவரை ஆண்கள்தான் பெண் வேஷம் கட்டினார்கள், ஆகவே இது சின்ன விஷயமில்லை. கூத்தை ‘நாட்டுப்புறத்தான் ஆட்டம்’ என்று ஒதுக்கிய படித்தவர்கள் டிக்கெட் எடுத்துப் பார்க்க வந்தார்கள்.

ஆனால் ஒரு கணக்கு இடிக்கிறது. ஆறு மாதப் பழக்கம் ஒரு முழு ராத்திரிக்காகவே இருந்தது. ராத்திரி ஒன்றரை மணித்தியாலமானால் அவ்வளவு பழக்கம் எதற்கு? கூத்தை மீளுருவாக்கம் செய்ய வேண்டும் என்று பின்னர் சீலாமுனையில் வேலை தொடங்கிய சி. ஜெயசங்கர் போன்றோர், ஊர்க் கூத்தரோடு ஊரிலேயே, களரியிலேயே செய்ய வேண்டும் என்றது இதனால்தான் என்று நினைக்கிறேன். நான் இரண்டு பக்கத்துக்கும் பாதிப் பாதி சரி என்று சொல்லப்போவதில்லை. வித்தியானந்தன் இல்லையென்றால் என்னைப் போன்றவர்களுக்குக் கூத்து என்ற சொல்லே எட்டியிருக்காது. அதே நேரம், சுருக்கியதில் முதலில் போனது பாட்டோ கதையோ இல்லை, அந்த உடம்புதான்.

இதையெல்லாம் மட்டக்களப்புக் கதை என்று தள்ளிவிட முடியாது. நம்ம தோட்டங்களில் மாசி மாதம் காமன் கம்பு ஊன்றினால் பௌர்ணமிவரை கூத்துத்தான். ரதி மதனாக ஆடுபவர்கள் விரதம் இருக்க வேண்டும், கடைசி ராத்திரி விடியும்வரை தப்புச் சத்தத்துக்குக் கால் நிற்கக்கூடாது. இவர்கள் பழகியதும் பகல் முழுக்க மலையில் வேலை செய்துவிட்டு வந்துதான். ஆடி முடித்தாலும் காலையில் பெரட்டுக்குப் போக வேண்டியவர்கள். இப்போது பெடியன்கள் பாதிப்பேர் கொழும்பில் கடைகளில். லீவு கிடைத்து வந்து சேர்வதற்குள் கம்பு ஊன்றிவிடுகிறார்கள். மாஸ்டர் பழக்குவதற்கு மிச்சம் இருப்பது இரண்டு மூன்று ராத்திரிதான்.