வந்தபின் காத்த ஊர்கள்



வருமுன் காப்போன், வந்தபின் காப்போன், வந்தபின்னும் காவாதான் என்னும் மூன்று மீன்களின் கதையை நாம் வகுப்பறையில் சொல்லி வருகிறோம். ஊர்களின் வரலாற்றிலும் இம்மூவரைக் காணலாம். 1881-ஆம் ஆண்டு கோலாலம்பூர் தீக்கிரையானது. அத்தாப்புக் கூரைகளால் ஆன அந்நகரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டவேண்டும் என்று 1884-இல் பிராங்க் சுவெட்டன்ஹாம் ஆணையிட்டார். பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயர் அக்காலச் செங்கற்சூளைகளை இன்றும் நினைவூட்டுகிறது.

அஃது ஊருக்குள் எழுந்த தீக்கு விடை. காட்டிலிருந்து ஊரை நோக்கி வரும் தீக்கு என்ன விதி செய்வது? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் நூறாண்டுகளாக இக்கேள்வியோடு போராடி வருகிறது.

1923 செப்டம்பர் 17-ஆம் நாள், வறண்ட காற்றோடு மலையைக் கடந்து வந்த காட்டுத்தீ பெர்க்லி நகரில் ஏறத்தாழ 600 கட்டடங்களை எரித்தது. மரத்துண்டுகளை ஓடுபோல வேய்ந்த கூரைகளே தீயை வீட்டுக்கு வீடு கொண்டு சென்றன. எளிதில் தீப்பற்றாத கூரையே வேண்டும் என்று நகர மன்றம் விதி இயற்றியது. ஆனால், அவ்விதி விரைவிலேயே திரும்பப் பெறப்பட்டது. 1991 அக்டோபரில் அதே மலைத்தொடரில், பெர்க்லியை ஒட்டிய ஓக்லாந்தில் மூண்ட தீ 25 உயிர்களையும் ஏறத்தாழ 3,000 வீடுகளையும் பலிகொண்டது.

மறு ஆண்டே, நகரங்களுக்குள்ளும் மிகுந்த தீயபாயமுள்ள மண்டலங்களைக் கண்டறிந்து வரையறுக்குமாறு மாநிலச் சட்டம் பணித்தது. 2008 முதல் அம்மண்டலங்களில் கட்டப்படும் புதிய வீடுகளுக்குத் தனிக் கட்டட விதிகள் நடைமுறைக்கு வந்தன. தீயைத் தாங்கும் கூரை, எளிதில் பற்றாத வெளிச்சுவர், கடினமாக்கிய சன்னல் கண்ணாடி, கூரையடிக் காற்றுத் துளைகளில் தீப்பொறி நுழையாத நுண்வலை ஆகியவை கட்டாயமாயின. காட்டுத்தீயில் பல வீடுகள் பெருஞ்சுடரால் எரிவதில்லை. காற்றில் பறந்து வந்து சிறு துளையில் புகும் கங்குகளே அவற்றை எரிக்கின்றன. வலை வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே.

இவ்விதிகளைச் சோதித்தது ஏறத்தாழ 26,000 பேர் வாழ்ந்த பாரடைஸ் என்னும் மலையடிவாரச் சிற்றூர். 2018 நவம்பர் 8-ஆம் நாள் மூண்ட தீயில் 85 பேர் மாண்டனர். 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. பின்னர் அங்கு ஆய்வு செய்தோர், 1997-க்கு முன் கட்டப்பட்ட தனிவீடுகளில் 11.5 விழுக்காடும், அதன்பின் கட்டப்பட்டவற்றில் 38.5 விழுக்காடும் தப்பியதாக 2021-இல் வெளியிட்டனர்.

புதிய வீடுகள் மேலானவை என்பது உண்மைதான். ஆயினும் அவற்றுள்ளும் பெரும்பாலானவை ஏன் எரிந்தன? அருகில் எரிந்த வீடு எவ்வளவு தொலைவில் இருந்தது என்பதே ஒரு வீட்டின் தலைவிதியைப் பெரிதும் முடிவு செய்தது என்று அவ்வாய்வு கூறுகிறது. விதி புதிய வீட்டுக்கு மட்டுமே; பக்கத்திலிருக்கும் பழைய வீட்டை அது தொடவில்லை. அண்டை வீட்டின் கூரையும் நம் பாதுகாப்பின் ஒரு பகுதியே என்பதைச் சட்டம் எண்ணிப் பார்க்கவில்லை.

சுவரை ஒட்டிய முதல் 5 அடிக்குள் எரியக்கூடிய எதுவும் இருத்தலாகாது என்னும் நோக்கில் 2020-இல் கலிபோர்னியா மற்றொரு சட்டம் இயற்றியது. பழைய வீடுகளையும் தழுவிய அச்சட்டத்திற்கு உரிய விதிகள் குறித்த காலத்தில் வகுக்கப்படவில்லை. அதற்குள், 2025 சனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 16,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்துபோயின.

அடுத்த முறை மாணவர்களுக்கு அம்மூன்று மீன்களின் கதையைச் சொல்லும்போது, பெர்க்லியையும் பாரடைசையும் சேர்த்துச் சொல்லுங்கள். குளத்தில் ஒரு மீன் மட்டும் விழித்திருந்தால் போதுமா என்று அவர்களிடமே கேளுங்கள்.