இலுப்பைப்பூவும் சர்க்கரையும்: கல்லூரிக் கால்பந்தில் ஒருநாள் வெற்றியும் பருவச் சோதனையும்

2010 நவம்பரில், ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த கார்டன் கீ ஒரு நேர்காணலில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். பாய்சி ஸ்டேட்டும், டி.சி.யூ. என்று வழங்கும் டெக்சாஸ் கிறிஸ்தவப் பல்கலைக்கழகமும் தோல்வியே காணாமல் வந்துகொண்டிருந்த பருவம் அது. அவை தேசிய இறுதியாட்டத்துக்குத் தகுதியானவை அல்ல என்றார் கீ. கல்லூரிகளின் கூட்டமைப்பான கான்ஃபரன்ஸ்களில் பெரியவற்றைச் சேர்ந்த அணிகள் வாராவாரம் கடும் எதிரிகளைச் சந்திக்கின்றன, இவை அப்படி ஆடுவதில்லை என்பது அவர் சொன்ன காரணம். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஏழை முதியோருக்குத் தொண்டு செய்யும் ஒரு கன்னியர் சபையின் பெயரை இழுத்து, அவர்களோடு மோதி நாங்கள் வெற்றி சேர்ப்பதில்லை என்ற பொருளில் பேசிவிட்டார். ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று நாம் சொல்வோமே, அதேதான்.

2011 ஜனவரி 1 அன்று, பருவ முடிவில் நடக்கும் பௌல் ஆட்டங்களில் ஒன்றான ரோஸ் பௌலில் டி.சி.யூ. 21-19 என்று விஸ்கான்சினை வென்றது. அந்த விஸ்கான்சின், முந்தைய அக்டோபரில் கீயின் ஓஹையோ ஸ்டேட் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தபோது அதை 31-18 என்று தோற்கடித்த அணி. சில நாட்களில் ஓஹையோ ஸ்டேட் அமைந்திருக்கும் கொலம்பஸ் நகரத்தின் விளம்பரப் பலகைகளில், அந்தக் கன்னியர் பெயரில் டி.சி.யூ.வுக்கு வாழ்த்து ஏறியது. கீயின் வாதம் அத்தோடு பொய்த்தது என்பதே பொதுவான தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பு தவறு என்பது இக்கட்டுரையின் வாதம். கீ கேட்ட கேள்வி வேறு. விளம்பரப் பலகை சொன்ன விடை வேறொரு கேள்விக்குரியது. வலுவான அணி ஒன்று தன்னைவிடக் கடுமையான எதிரியை ஒருநாள் சந்தித்தால் என்னவாகும் என்பது முதல் கேள்வி. அத்தகைய எதிரிகளையே பருவம் முழுதும் சந்தித்தால் என்னவாகும் என்பது இரண்டாவது. முதலாவதற்குப் பௌல் ஆட்டங்கள் சான்றாகும். இரண்டாவதற்கு அவை சான்றே அல்ல.

குழப்பத்தின் வேர் இந்த விளையாட்டின் அமைப்பில் இருக்கிறது. (இங்கே பேசுவது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஆடும் அமெரிக்கக் கால்பந்து.) மேல்பிரிவில் நூற்றிருபதுக்கும் மேற்பட்ட கல்லூரி அணிகள். ஒவ்வொன்றுக்கும் வழக்கமான பருவத்தில் ஏறத்தாழ 12 ஆட்டங்கள்தான்; அவற்றில் பெரும்பகுதி சொந்தக் கான்ஃபரன்ஸுக்குள்ளேயே முடிந்துவிடும். ஆகவே இரு கான்ஃபரன்ஸ்களை இணைக்கும் ஆட்டங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. 1984இல் பிரிகாம் யங் பல்கலைக்கழகம் 13-0 என்று முடித்துத் தேசிய வாகையர் ஆனது. அதன் பெருமைக்கு அடிக்கல் தொடக்க ஆட்டத்தில் மூன்றாம் தரவரிசையிலிருந்த பிட்ஸ்பர்கை 20-14 என்று வென்றது. அந்தப் பிட்ஸ்பர்க் பருவ முடிவில் மூன்றே வெற்றிகளோடு நின்றது. கடைசியில் பௌல் ஆட்டத்தில் வென்ற மிஷிகனோ, ஆறு வெற்றி ஐந்து தோல்வியோடு வந்த அணி. பிரிகாம் யங் வலுவற்றது என்று இதைக்கொண்டு சொல்ல முடியாது. எவ்வளவு வலு என்று சொல்ல வழியில்லை, அவ்வளவுதான்.

இந்த இடைவெளியை நிரப்பப் பலரும் சங்கிலி வாதத்தைக் கையிலெடுக்கிறார்கள்: இவன் அவனை வென்றான், அவன் இன்னொருவனை வென்றான், ஆகவே இவன் அந்த இன்னொருவனைவிட வலியவன் என்று. 2017இல் யு.சி.எஃப். என்னும் மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழகம் 13-0 என்று முடித்து, கடைசி ஆட்டத்தில் ஆபர்னை 34-27 என்று வீழ்த்தியது. அதே ஆபர்ன் அந்தப் பருவத்தில் ஜார்ஜியாவையும் அலபாமாவையும் வென்றிருந்தது. தேசிய இறுதியாட்டத்தில் மோதியவை அவ்விரண்டும்தான். எனவே நாங்களே வாகையர் என்று யு.சி.எஃப். அறிவித்துக்கொண்டது. கேட்க அழகான வாதம். ஆனால் நவம்பர் 11 அன்று ஜார்ஜியாவை 40-17 என்று நொறுக்கிய ஆபர்ன், சரியாக மூன்று வாரம் கழித்து அதே ஜார்ஜியாவிடம் 28-7 என்று தோற்றது. ஒரே இணை, ஒரே பருவம். 23 புள்ளி முன்னிலை 21 புள்ளிப் பின்னடைவாக மாறியது. கண்ணி ஒன்று இப்படி நெளியும்போது முழுச் சங்கிலியில் எதைக் கட்டித் தொங்கவிடுவது?

ஒருநாள் ஆட்டத்தின் இயல்பைப் புரிந்துகொள்ள 2007 ஜனவரி 1 அன்று நடந்த ஃபியஸ்டா பௌல்தான் சிறந்த இடம். பாய்சி ஸ்டேட் ஓக்லஹோமாவை 43-42 என்று வென்ற ஆட்டம். அமெரிக்கக் கால்பந்தில் நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். பாய்சிக்கு மிச்சமிருந்தது நான்காம் முயற்சி. கடக்க வேண்டியது 18 யார்டு. ஏழு புள்ளி பின்தங்கியிருந்தது. பந்தைப் பிடித்தவர் ஓடிக்கொண்டே எதிர்த்திசையில் வந்த சகவீரருக்குத் தள்ளிவிட்டார். ஆட்டம் முடிய ஏழு விநாடி இருக்கையில் பந்து எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டியது: டச்டவுன். கூடுதல் நேரத்தில் மீண்டும் ஒரு நான்காம் முயற்சி; இம்முறை பந்தை எறிந்தவர், வழக்கமாக எறியும் குவாட்டர்பேக் அல்ல, பந்தைப் பிடிப்பதற்கென்று நிற்கும் வீரர். அதுவும் டச்டவுன். ஒரு புள்ளிக்கு உதைத்துச் சமன் செய்வதை விட்டு, வெற்றிக்காக இரண்டு புள்ளிக்குப் போனார்கள். குவாட்டர்பேக் வலக்கையால் எறிவதுபோல் பாவனை காட்டி, முதுகுக்குப் பின்னால் இடக்கையில் வைத்திருந்த பந்தை இயன் ஜான்சனிடம் கொடுத்தார். அவர் இடப்புறமாக ஆளில்லாத இடத்தில் ஓடிக் கோட்டைத் தாண்டினார்.

இந்த மூன்று உத்திகளையும் வெறும் துணிச்சல் என்று பாராட்டிவிட்டுப் போவது ஆய்வுக்கு உதவாது. அவற்றுக்குப் பொதுவான பண்பு ஒன்றுண்டு: ஒருமுறைதான் பலிக்கும். அடுத்த வாரம் எதிராளி வீடியோவைப் பார்த்துவிடுவான். பௌல் ஆட்டத்துக்கு முன்னால் ஏறத்தாழ ஒரு மாத இடைவெளி உண்டு. காயங்கள் ஆறும், ஒரே எதிரியைக் குறிவைத்துத் திட்டம் தீட்டலாம், ஒளித்து வைத்ததையெல்லாம் கொட்டிவிடலாம், நாளைக்கென்று எதையும் மிச்சம் வைக்கத் தேவையில்லை. ஆற்றல் குறைந்த அணி, முடிவின் ஏற்ற இறக்கத்தைப் பெரிதாக்க முயல்வது பகுத்தறிவான செயல். ஒழுங்காக ஆடினால் வலியவன் வெல்வான். தாறுமாறான ஆட்டத்தில் எதுவும் நடக்கலாம். எனவே பௌல் வெற்றி பயிற்றுநரின் அறிவையும் முதல் வரிசை ஆட்களின் தரத்தையும் ஐயமின்றிக் காட்டுகிறது. இரண்டாம் வரிசை ஆள் யார் என்பதை அது கேட்பதே இல்லை.

அதைக் கேட்கும் சோதனை ஒன்று தற்செயலாகவே நடந்தது. யூட்டா பல்கலைக்கழகம் 2008இல் 13-0 என்று முடித்து, சுகர் பௌலில் அலபாமாவை 31-17 என்று வென்ற அணி. 2011இல் அது பசிபிக் கடலோரத்துப் பெரிய கான்ஃபரன்ஸாக அப்போது இருந்த பேக்-12இல் சேர்ந்தது. டி.சி.யூ. 2012இல் பிக் 12 என்ற மற்றொரு பெரிய கான்ஃபரன்ஸுக்குப் போனது. பயிற்றுநர்கள் மாறவில்லை: யூட்டாவுக்கு கைல் விட்டிங்ஹாம், டி.சி.யூ.வுக்கு கேரி பேட்டர்சன். ஊர் அதே, சீருடை அதே. எதிரிகள் மட்டும் மாறினார்கள். ஆய்வாளன் விரும்பிக் கேட்டாலும் இப்படியொரு பரிசோதனையை யாரும் அமைத்துத் தர மாட்டார்கள்.

முடிவுகள் இவை. புதிய கான்ஃபரன்ஸ் ஆட்டங்களில் யூட்டா முதல் மூன்று பருவங்களில் 4-5, 3-6, 2-7. டி.சி.யூ. முதல் இரண்டில் 4-5, 2-7. யூட்டாவுக்கு 27இல் 9 வெற்றி, டி.சி.யூ.வுக்கு 18இல் 6. இரண்டுமே துல்லியமாக மூன்றில் ஒரு பங்கு. அந்த ஒற்றுமை தற்செயலாக இருக்கலாம். ஆண்டுக்கு ஆண்டு இறங்கிய போக்கைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனமில்லை.

ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எளிய எதிரியை வெல்லும் வாய்ப்பு 95 விழுக்காடு என்று கொண்டால், அத்தகைய 12 ஆட்டங்களையும் தோல்வியின்றி முடிக்க ஓர் அணிக்கு 54 விழுக்காடு வாய்ப்பு. அதே அணிக்கு நான்கு ஆட்டங்கள் மட்டும் கடுமையாகி, அவற்றில் வாய்ப்பு 60ஆகக் குறைந்தால், தோல்வியற்ற பருவத்துக்கான வாய்ப்பு 9 விழுக்காட்டுக்கும் கீழே சரிகிறது. அணி ஒரு மாற்றுக்கூடக் குறையவில்லை, அட்டவணைதான் மாறியது. கீயின் உள்ளுணர்வுக்கு இதுவரை கணக்கு துணை நிற்கிறது. ஆனால் கடும் ஆட்டத்துக்கு 60 விழுக்காடு என்ற இந்த அனுமானப்படி, அவ்விரு அணிகளும் 45 ஆட்டங்களில் 27 வென்றிருக்க வேண்டும். வென்றவை 15. ஆகவே அட்டவணைக் கணக்கு மட்டும் போதாது. ஒருநாள் ஆட்டத்தில் இருக்கும் வாய்ப்பே, அடுத்தடுத்த வாரங்களில் தேய்கிறது என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது.

எங்கே தேய்கிறது? பெரும்பாலும் முன்வரிசையில். முந்நூறு பவுண்டு எடையுள்ள ஆட்கள் ஒவ்வோர் ஆட்டத்திலும் அறுபது எழுபது முறை ஒருவரையொருவர் முட்டித் தள்ளும் இடம் அது. மேல்பிரிவு அணிகள் எல்லாவற்றுக்கும் அந்நாளில் உதவித்தொகை வரம்பு 85 பேர் என்ற ஒரே எண்தான். ஆனால் தலை எண்ணிக்கை ஒன்று, இரண்டாம் வரிசை ஆளின் தரம் வேறு. 2021இல் 13-0 என்று வந்த சின்சினாட்டி, நோட்ர டேமை அதன் சொந்த மைதானத்தில் 24-13 என்று வென்ற அணி. தேசிய வாகையரைத் தீர்மானிக்க அப்போது நடந்த நான்கு அணி பிளேஆஃபுக்குள் நுழைந்த முதல் சிறு கான்ஃபரன்ஸ் அணியும் அதுவே. பின்களக் காவலில் அது யாருக்கும் சளைத்ததல்ல. அங்கே நின்ற சாஸ் கார்ட்னர் அடுத்த ஆண்டு தொழில்முறைத் தேர்வில் நான்காவது ஆளாகப் போனார். அலபாமாவிடமோ பருவத்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது பெற்ற குவாட்டர்பேக் பிரைஸ் யங் இருந்தார். எல்லோரும் எறிதலைப் பற்றிப் பேச, அலபாமா பந்தைத் தரையில் ஓட்டியது: மொத்தம் 301 யார்டு, அதில் பிரையன் ராபின்சன் ஒருவரே 204. முடிவு 27-6. சின்சினாட்டியின் சிறப்பை அலபாமா வெல்லவே இல்லை, சுற்றிக்கொண்டு போய்விட்டது.

மறுப்பு ஒன்றுக்கு இடமுண்டு. ரோஸ் பௌல் வென்ற டி.சி.யூ.வும் 2012இன் டி.சி.யூ.வும் ஒன்றல்ல; குவாட்டர்பேக் ஆண்டி டால்டன் உட்படப் பலர் படிப்பு முடிந்து போய்விட்டார்கள் என்பது அது. உண்மைதான். ஆனால் டால்டன் போன மறுபருவமே, 2011இல், பழைய கான்ஃபரன்ஸில் டி.சி.யூ. 7-0 என்று முடித்தது. அதே பருவத்தின் தொடக்கத்தில் பிக் 12 அணியான பெய்லரிடம் 50-48 என்று தோற்றது. பழைய கான்ஃபரன்ஸில் அந்த இழப்பை மறைக்க முடிந்தது. புதியதில் முடியவில்லை. ஆட்கள் போவதும் அவர்கள் இடத்தை நிரப்புவதும் பருவச் சோதனையின் பகுதி. அதை அளவீட்டுப் பிழை என்று கழித்துவிட முடியாது. 2023இல் பிக் 12இல் சேர்ந்த யு.சி.எஃப். முதலிரு பருவங்களில் கான்ஃபரன்ஸுக்குள் 18இல் 5 வென்றது. சின்சினாட்டி 18இல் 4. சின்சினாட்டியில் இடையே பயிற்றுநர் மாறியதால் அதன் சான்றின் எடையைக் கொஞ்சம் குறைத்தே போட வேண்டும்.

இலுப்பைப்பூ என்று முத்திரை குத்தியவர்களுக்கும் இந்தச் சான்றுகள் சாதகமாக இல்லை. 2014இல் டி.சி.யூ. 12-1 என்று எழுந்தது. இடையில் பேட்டர்சன் தம் தாக்குதல் முறையையே தூக்கிப் போட்டுவிட்டு, வேகமான எறிதல் ஆட்டத்துக்கு மாறியிருந்தார். யூட்டா நிதானமாக நடந்தது: 2021இலும் 2022இலும் பேக்-12 வாகையர். முதல் பட்டத்துக்குப் பதினோரு பருவங்கள் பிடித்தன. தேய்வு பிறவிக் குணம் அல்ல. ஆள்சேர்ப்பும் முறையும் புதிய எதிரிகளுக்கு ஏற்ப மாறுவதற்கான காலம். அது எத்தனை ஆண்டு என்பது ஊருக்கு ஊர் வேறுபடுகிறது.

2024 முதல் பிளேஆஃபில் 12 அணிகள். முதல் சுற்றில் ஓய்வு கிடைக்காத அணி ஒரே மாதத்தில் நான்கு கடும் எதிரிகளை அடுத்தடுத்து வீழ்த்தினால்தான் பட்டம். ஒருநாள் சோதனையும் பருவச் சோதனையும் முதன்முறையாக ஒன்றையொன்று நெருங்கி வந்திருக்கின்றன. அந்த முதல் ஆண்டில் பாய்சி ஸ்டேட்டுக்கு ஓய்வும் கிடைத்தது, பருவத்தில் 2,601 யார்டு ஓடிய ஆஷ்டன் ஜென்ட்டியும் இருந்தார். பென் ஸ்டேட் அவரை 104 யார்டில் நிறுத்தி 31-14 என்று வென்றது. டென்னசி, ஆரிகன், டெக்சாஸ், நோட்ர டேம் என்று நான்கையும் வென்று பட்டம் எடுத்தது, கீ ஒருகாலத்தில் தலைமை வகித்த ஓஹையோ ஸ்டேட். அதே அணி பிளேஆஃபுக்கு மூன்று வாரம் முன்பு, நவம்பர் 30 அன்று, கொலம்பஸ் நகரத்துச் சொந்த மைதானத்தில் மிஷிகனிடம் 13-10 என்று தோற்றிருந்தது. மிஷிகன் அந்தப் பருவத்தை 8-5 என்று முடித்தது.