சும்மா கிடைக்கிற சிப்பாயை வெட்டலாமா? ஒரு கப்பல் கேப்டன் போட்ட புதிர்!

செஸ் கிளப்ல ஆட்டம் தொடங்கி நாலாவது மூவ். எதிராளி ஒரு சிப்பாயை நகர்த்தி, சரியா உங்க பிஷப் வெட்டுற இடத்துல வைக்கிறார். கடிகாரம் ஓடுது. வெட்டலாமா, வேண்டாமா? கிட்டத்தட்ட 200 வருஷமா பலரும் முழிச்ச இடம் இது. பேரு, எவன்ஸ் கேம்பிட்.

இதைக் கண்டுபிடித்த வில்லியம் டேவிஸ் எவன்ஸ், வேல்ஸைச் சேர்ந்த கப்பல் கேப்டன். 1820-களில் லண்டனில், அப்போதைய பெரிய தலை அலெக்ஸாண்டர் மெக்டொனலிடம் இதை இறக்கினார். அந்த ஆட்டத்தில் முதலில் கேஸ்லிங், ஐந்தாவது மூவில்தான் சிப்பாய். 20-வது மூவில் மெக்டொனலுக்கு செக்மேட்! தோற்றவருக்கே பிடித்துப்போய், 1834-ல் லா பூர்டோனே உடனான போட்டிகளில் அவரும் இதை ஆடினார்.

அப்படி என்ன இருக்கு இதில்? இரண்டு பக்கமும் ராஜா முன்னாடி இருக்கிற சிப்பாய், ஒரு குதிரை, ஒரு பிஷப் வெளியே வந்தாச்சு. இப்போ வெள்ளை பி4. கறுப்பு பிஷப் அதை வெட்டியதும், வெள்ளை சி3 தள்ளி அதே பிஷப்பை விரட்டும். பிஷப் மறுபடி நகரணும். அந்த கேப்புல டி4 தள்ளி நடுப்பலகையைப் பிடிச்சிடலாம். ஒரு சிப்பாயைக் கொடுத்து நேரத்தை வாங்குறாங்க, அவ்வளவுதான் கணக்கு. கறுப்பு ராஜா இன்னும் நடுவிலேயே நிற்கும் என்பதுதான் ஆபத்து.

'பழைய காலத்து டிரிக்தானே' என நினைக்க வேண்டாம். 1995-ல் ரிகா நகரில் காஸ்பரோவ் இதை நம்ம விஸ்வநாதன் ஆனந்துக்கு எதிராக எடுத்தார். ஆனந்த் சிப்பாயை வெட்டி, பிஷப்பை இ7-க்கு இழுத்துக்கொண்டார். 25 மூவில் ஆட்டம் முடிந்தது, ஜெயித்தவர் காஸ்பரோவ்.

மருந்தும் இருக்கு. உலக சாம்பியன் இமானுவேல் லாஸ்கர் காட்டிய வழி: சிப்பாயை வெட்டு, பிஷப்பை ஏ5 வழியா பி6-ல் பத்திரமா வை, வாங்கின சிப்பாயைப் பிடிச்சுவைக்க அடம்பிடிக்காதே. வெள்ளை அதைத் திரும்ப எடுக்கப் போனா ராணிகள் மாறிப்போகும், அட்டாக் புஸ்ஸாகிடும்.

வெட்டவே யோசனையா இருக்கா? பிஷப்பை ஒரு கட்டம் பின்னால், பி6-க்கு இழுத்துடுங்க. எதிராளி வீட்டில் மனப்பாடம் பண்ணிட்டு வந்ததில் பாதி அங்கேயே வேஸ்ட்!