காந்தியடிகளின் பள்ளிப் பருவம்



மன்னர் வரலாறும் போர் வரலாறும் எழுதுவார் பலர். ஒரு சிறுவன் பையைத் தோளிலிட்டுப் பள்ளிக்குச் சென்று மீண்ட வரலாற்றை எழுதுவார் மிகச் சிலர். ஆயினும், நாட்டின் தலையெழுத்து அரண்மனைகளினும் பள்ளிக்கூடத் திண்ணைகளிலேயே பெரிதும் எழுதப்படுகின்றது என்பது, இருபதாண்டுகளுக்கு மேலாகச் சுண்ணக்கட்டியும் கையுமாக நிற்கும் எம் போன்றார்க்கு நன்கு தெரியும். ஆதலின், இத்திங்கள் காந்தியடிகளின் உயர்நிலைப் பள்ளி வாழ்வைப் பற்றிச் சில சொல்லத் துணிந்தேன். அவ்வாழ்வில் பெருஞ்செயல் ஒன்றும் இல்லை. தேர்வும், தண்டமும், உடற்பயிற்சியும், கையெழுத்தும், ஆசிரியர் சினமும் ஆகிய அன்றாடச் செய்திகளே உள்ளன. அவையே நமக்கு வேண்டுவன.

அடிகள் தம் வரலாற்றைக் குசராத்தி மொழியில் எழுதி, 1925 முதல் 1929 வரை 'நவஜீவன்' இதழில் வாரந்தோறும் வெளியிட்டனர். ஐம்பத்தாறாம் அகவையில் எழுதத் தொடங்கியவர், தம் பன்னிரண்டாம் அகவைச் செய்திகளை நேற்று நிகழ்ந்தன போல நினைவு கூர்கின்றனர். பள்ளியில் தாம் அடைந்த பெருமையைக் காட்டிலும், பட்ட நாணத்தையே மிகுதியாகச் சொல்லுகின்றனர். அவர்தம் நூலின் சிறப்பு அதுவேயாம்.

பள்ளியும் மாணவரும்

மோகன்தாஸ் 1869ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள் போர்பந்தரிற் பிறந்தார். தந்தையார் கரம்சந்த் காந்தி சமஸ்தான திவானாக இருந்தவர். குடும்பம் இராஜ்கோட்டுக்குக் குடிபெயர்ந்தபோது மைந்தருக்கு ஏழாண்டு இருக்கும். தொடக்கக் கல்வி முற்றி, 1880ஆம் ஆண்டின் இறுதியில் ஆங்குள்ள கத்தியவார் உயர்நிலைப் பள்ளியிற் சேர்ந்தார்.

அப்பள்ளி 1853இல் ஆங்கிலம் கற்பிக்கும் பொருட்டுத் தோன்றியது. அதன் பெருங்கட்டடம் ஜூனாகட் நவாபின் கொடையால் 1875இல் எழுந்தது. ஆல்பிரட் உயர்நிலைப் பள்ளி என வழங்கிய அது, நாடு விடுதலை பெற்ற பின்னர் அடிகள் பெயரையே தாங்கி நின்றது. 2017இல் பள்ளி மூடப்பட்டு, 2018இல் அக்கட்டடம் அடிகளின் நினைவுக் காட்சிச்சாலை ஆயிற்று.

இத்துணைப் பெரிய பள்ளியில் நம் மாணவர் எங்ஙனம் விளங்கினார்? ஒருவரோடும் பேசார். மணி அடிக்கும் வேளைக்கு வருவார். பள்ளி விட்டதும் வீட்டுக்கு ஓடுவார். எவரேனும் தம்மை எள்ளி நகையாடுவரோ என்னும் அச்சமே காரணம். நூல்களும் பாடங்களுமே அவர்க்குத் தோழர். இத்தகைய பிள்ளை ஒன்றிரண்டு ஒவ்வொரு வகுப்பிலும் உண்டு. கடைசி வரிசைச் சுவரோரம் அமர்ந்திருக்கும் அப்பிள்ளையை நாம் பெரும்பாலும் பெயர் சொல்லி அழைப்பதும் இல்லை.

ஒரு சொல்லின் எழுத்து

சேர்ந்த முதலாண்டிலேயே ஒரு சோதனை வந்தது. கல்வி ஆய்வாளர் ஜைல்ஸ் என்பார் பள்ளியைப் பார்வையிட வந்து, ஐந்து ஆங்கிலச் சொற்களை எழுதப் பணித்தார். அவற்றுள் ஒன்று 'கெட்டில்', அஃதாவது நீர் காய்ச்சும் கெண்டி. மோகன்தாஸ் அதனைப் பிழைபட எழுதினார். வகுப்பாசிரியர் தம் காலணி நுனியால் அவரைத் தொட்டு, அடுத்த மாணவன் பலகையைப் பார்த்து எழுதிக்கொள்ளுமாறு குறிப்புக் காட்டினார். சிறுவருக்கு அக்குறிப்பு விளங்கவே இல்லை. பிறரைப் பார்த்து எழுதாதபடி காப்பதற்கன்றோ ஆசிரியர் நிற்கின்றார் என்று அவர் எண்ணியிருந்தார். ஏனையோர் யாவரும் ஐந்து சொற்களையும் திருத்தமாக எழுதினர். இவர் ஒருவரே பிழை செய்தவரானார். பின்னர் ஆசிரியர் இவர்தம் அறியாமையைச் சுட்டிக் காட்டியும் பயனில்லை. பார்த்தெழுதும் கலை தமக்கு ஒருநாளும் கைவரவில்லை என்கின்றார் அடிகள்.

இவ்வளவோடு நில்லாமல், அவ்வாசிரியர்பால் தமக்கிருந்த மதிப்பு இதனாற் குறையவில்லை என்றும் எழுதுகின்றார். பெரியோர் குற்றத்தைக் காணாதிருத்தல் தம் இயல்பென்பது அவர் கூற்று. ஆசிரியர் செய்தது தவறே. ஆய்வாளர் முன் தம் வகுப்பின் பெயர் கெடுமே என்னும் அச்சம் அவரை அவ்வாறு செய்யத் தூண்டியது. விழுக்காட்டுக் கணக்கை மேலிடத்துக்குக் காட்ட வேண்டிய கடப்பாடு இற்றை நாள் ஆசிரியர்க்கும் உண்டு. அவ்வச்சம் எம்மையும் விட்டபாடில்லை.

தண்டம் ஓரிரண்டு அணா

தலைமையாசிரியர் தொராப்ஜி எதுல்ஜி கிமி என்னும் பார்சியர். ஒழுங்கிற் கண்டிப்பும், மாணவர்பால் அன்பும் ஒருங்கே உடையவர். மேல்வகுப்பு மாணவர் யாவரும் உடற்பயிற்சிக்கு வருதல் வேண்டும் என விதித்தார். மோகன்தாஸுக்கோ பள்ளி விட்டதும் வீடு சென்று, நோயுற்ற தந்தையார்க்குப் பணிவிடை செய்வதே விருப்பம். விலக்களிக்குமாறு வேண்டினார், தலைமையாசிரியர் இசையவில்லை.

ஒரு சனிக்கிழமை பள்ளி காலையில் நடந்தது. உடற்பயிற்சி மாலை நான்கு மணிக்கு. மாணவரிடம் கடிகாரம் இல்லை. வானமோ மேகம் மூடியிருந்தது. பொழுது ஏமாற்றிவிட்டது. அவர் சென்று சேர்ந்தபோது யாவரும் போய்விட்டனர். மறுநாள் வருகைப் பதிவேட்டை நோக்கிய தலைமையாசிரியர் காரணம் வினவினார். நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே சொன்னார். அவரோ நம்பவில்லை, ஓரணாவோ இரண்டணாவோ தண்டம் விதித்தார்.

தண்டம் சிறிது, பழியோ பெரிது. பொய்யன் என்னும் பெயர் தம்மேல் விழுந்ததே என்று அச்சிறுவர் கண்ணீர் வடித்தார். மெய்யை மெய்யென நாட்டுதற்கு வழியொன்றும் அவர்க்குத் தோன்றவில்லை. மெய்யுரைப்போன் விழிப்புடையவனாகவும் இருத்தல் வேண்டும் என்று அன்று தெளிந்தார். பின்னர்த் தண்டமும் நீக்கப்பட்டது; தந்தையாரே எழுதியமையால் உடற்பயிற்சி விலக்கும் கிடைத்தது. பின்னாளில், உடற்பயிற்சியை வெறுத்தது தம் பிழையே என அடிகள் ஒப்புக்கொண்டார்.

இவ்விடத்தைப் படிக்குந்தோறும் எனக்கு என் பிழை ஒன்று நினைவிற்கு வரும். பல்லாண்டுகளுக்கு முன், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் இரண்டாம் பாடவேளையில் வந்தான். மாடு கன்று ஈன்றது என்றான். முன்பும் அத்தகைய காரணங்கள் பல கேட்டுப் புளித்தவனாதலின், வகுப்பெல்லாம் நகைக்கும்படி ஒரு சொற்சொல்லி அவனை வெளியே நிறுத்தினேன். அன்று மாலை அவன் அன்னை சீம்பால் கொண்டு வந்து என்னிடம் தந்தார். மறுநாள் அவனைத் தனியே அழைத்து வருத்தம் தெரிவித்தேன். யாவர் முன்னும் பழித்த யான் யாவர் முன்னும் அதனைத் திருத்தியிருத்தல் வேண்டும். அத்துணிவு எனக்கு அன்று இல்லாது போயிற்று.

மணமும் படிப்பும்

பதின்மூன்றாம் அகவையில் மோகன்தாஸுக்குத் திருமணம் நிகழ்ந்தது. செலவைச் சுருக்கும் பொருட்டு, தமையனார் ஒருவர்க்கும் ஒன்றுவிட்ட சகோதரர் ஒருவர்க்கும் உடன் மணம் முடித்தனர். அதனால் இவர்க்கு ஓராண்டுப் படிப்பு வீணாயிற்று. தமையனாரோ படிப்பையே விட்டொழிந்தார். ஒரே பந்தலில் இருவர் கல்விக்கு நேர்ந்த கேடு இது. இளமை மணத்தை அடிகள் பிற்காலத்தில் எத்துணைக் கடுமையாகச் சாடினர் என்பதை யாவரும் அறிவர். 1929ஆம் ஆண்டுச் சாரதா சட்டம் பெண்ணுக்குப் பதினான்கும் ஆணுக்குப் பதினெட்டும் மண அகவை என வரையறுத்தது. 1978இல் அது முறையே பதினெட்டும் இருபத்தொன்றுமாக உயர்ந்தது. சட்டம் உயர்ந்தும், பன்னிரண்டாம் வகுப்பை முடிக்குமுன் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கும் இல்லங்கள் நம்முள் இன்னும் இல்லாமற் போகவில்லை.

இழந்த ஆண்டை ஈடு செய்ய ஆசிரியர் ஒருவர் முன்வந்தார். மூன்றாம் வகுப்பில் ஆறு திங்களே பயின்ற மோகன்தாஸ் நான்காம் வகுப்புக்கு ஏற்றப்பட்டார். உயர்நிலைப் பள்ளியின் அந்நான்காம் வகுப்பிலிருந்து பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்திலேயே நடைபெறும். வடிவகணிதம் புதிது, அதனை அயல்மொழியிற் கேட்பது அதனினும் புதிது. ஒன்றும் விளங்காது மயங்கினார். மீண்டும் மூன்றாம் வகுப்புக்கே போய்விடலாம் என நினைத்தார். ஆயின், தம் உழைப்பை நம்பிப் பரிந்துரைத்த ஆசிரியர்க்கு இழிவு வருமே என எண்ணிப் பொறுத்திருந்தார். யூக்ளிட்டின் பதின்மூன்றாம் தேற்றத்தை அடைந்தபோது, இருள் விலகினாற்போல அக்கலையின் எளிமை புலப்பட்டது. அதன்பின் வடிவகணிதம் அவர்க்கு இன்பமாயிற்று.

இவ்விடர்க்கு வேர் யாது என்பதை அடிகள் 1938இல் 'ஹரிஜன்' இதழில் விளக்கினர். ஆங்கிலத்தின் வாயிலாகக் கற்க நான்காண்டு பிடித்த கணக்கும் பிறவும், தாய்மொழியாகிய குசராத்தியிற் கற்பித்திருந்தால் ஓராண்டில் எளிதிற் கைவந்திருக்கும் என்பது அவர் துணிபு. தமிழாசிரியன் ஒருவன் இதனைச் சொன்னாற் பிழைப்புக்குச் சொல்லுகின்றான் என்பர்; அடிகள் சொன்னதாயின் சற்றே எண்ணிப் பார்ப்பர் என்று நம்புகின்றேன்.

வடமொழி ஆசிரியர்

வடமொழி வடிவகணிதத்தினும் கடினமாயிற்று. அங்கே நெட்டுருவே மிகுதி. ஆறாம் வகுப்பில் மோகன்தாஸ் மனம் சோர்ந்தார். வடமொழி ஆசிரியர் மிகக் கடியவர். பாரசீக ஆசிரியரோ இளகிய உள்ளத்தர். பாரசீகம் எளிதென மாணவர் பேசக் கேட்டு, ஒரு நாள் அவ்வகுப்பிற் போய் அமர்ந்தார்.

வடமொழி ஆசிரியர் சினக்கவில்லை, வருந்தினார். மாணவரை அருகழைத்து, அவர்தம் குடும்ப மரபை நினைவூட்டி, இடர்ப்பாடு உண்டாயின் தம்மிடம் வருமாறும், மேலே செல்லச் செல்ல அம்மொழி இன்பம் பயக்குமென்றும் அன்புடன் கூறினார். அவ்வன்பை மீறமாட்டாது மோகன்தாஸ் பழைய வகுப்புக்கே மீண்டார். அவ்வாசிரியர் பெயர் கிருஷ்ணசங்கர் பாண்டியா. அன்று அவரிடம் கற்ற சிறு வடமொழி அறிவு இல்லையாயின், பின்னாளில் நம் சமய நூல்களில் ஈடுபட்டிருத்தல் அரிது என்று நன்றியுடன் அடிகள் எழுதுகின்றார். பிரம்பு செய்யமாட்டாததை ஒரு பரிவுரை செய்தது.

உதவித்தொகையும் தேர்வும்

ஐந்தாம் வகுப்பில் நான்கு ரூபாயும், ஆறாம் வகுப்பில் பத்து ரூபாயும் அவர்க்கு உதவித்தொகை கிடைத்தது. தம் திறமையினும் நல்லூழே காரணம் என்கின்றார். அத்தொகை கத்தியவாரின் சோரட் பகுதி மாணவர்க்கென ஒதுக்கப்பட்டது. நாற்பது ஐம்பது பேர் பயிலும் வகுப்பில் அப்பகுதியினர் மிகச் சிலரே. ஊர்ச்சார்பாகவோ மரபுச்சார்பாகவோ ஒதுக்கும் சிறுதொகையும் எத்தகைய மாணவன் கையிற் சென்று சேரும் என்பதை யார் அறிவார்!

1887ஆம் ஆண்டின் இறுதியில் மெட்ரிகுலேஷன் தேர்வு. பம்பாயினும் அண்மையது, செலவும் குறைவு என்பதால் அகமதாபாத்தில் எழுதினார். ஆங்கிலத்தில் 200க்கு 89. குசராத்தியில் 100க்கு 45½. கணக்கில் 175க்கு 59. பொது அறிவில் 150க்கு 54. மொத்தம் 625க்கு 247½. நூற்றுக்கு நாற்பதும் நிரம்பவில்லை. தேர்வு முடிவு வந்த நாளில் உண்ணாது கதவடைத்துக் கிடக்கும் பிள்ளைகளும், அவர்களைக் கடிந்துரைக்கும் பெற்றோரும் இவ்வெண்களை ஒருமுறை படித்தல் நலம்.

சாதித் தலைவர் விதித்த தடை

இனி, நம் சங்கத்தார் சிறப்பாக உன்னற்பாலதொன்று உண்டு. பள்ளி முடித்த மோகன்தாஸ் 1888இல் சட்டம் பயில இங்கிலாந்து செல்லப் புறப்பட்டார். அவர் மோத் பனியா வகுப்பினர். அவ்வகுப்பினர் எவரும் அதுவரை கடல் கடந்து அந்நாடு சென்றதில்லை. பம்பாயில் சாதிக் கூட்டம் கூடியது. தலைவர் மாணவரை அழைத்துப் பயணத்தைக் கைவிடுமாறு பணித்தார். நாணத்தால் வாய் திறவாத அப்பிள்ளை அன்று துணிந்து மறுத்தார். தலைவர் அவரைச் சாதியினின்றும் விலக்கி, அவர்க்கு உதவுவோர்க்கும் வழியனுப்பச் செல்வோர்க்கும் ஒரு ரூபாய் நான்கணாத் தண்டம் என விதித்தார். அவ்வாண்டு செப்டம்பர் 4ஆம் நாள் அவர் கப்பலேறினார்.

1891இல் திரும்பியபோது சாதி இரு கட்சியாகப் பிரிந்தது. ஒரு கட்சி அவரை ஏற்றது, மற்றொன்று ஏற்கவில்லை. விலக்கியோர்மேல் அவர் பகை கொள்ளவில்லை. அவர்தம் விதிப்படி, தமக்கையார் இல்லத்திலும் மாமனார் இல்லத்திலும் தண்ணீரும் அருந்தாதிருந்தார். மறைவில் உண்ண அவர்கள் அழைத்தும், வெளிப்படச் செய்ய இயலாததை மறைவிற் செய்யேன் என்றார். பார்த்தெழுத மறுத்த சிறுவரே இவர் என்பதை நினைவிற் கொள்க.

சோரட் மாணவர்க்கு வைத்த பத்து ரூபாயும் ஒரு கூட்டத்தார் பெயரால் வந்தது. வழியனுப்புவோர்க்கு விதித்த தண்டமும் ஒரு கூட்டத்தார் பெயரால் வந்தது. ஒன்று மாணவரைத் தாங்கியது, மற்றொன்று தடுத்தது. ஒரு சங்கம் இவ்விரண்டனுள் எதனையும் செய்யவல்லது.

அன்பர்களே, பள்ளி திறக்கும் காலம் அண்மையில் உள்ளது. மூன்று விண்ணப்பம் செய்கின்றேன். ஆணாயினும் பெண்ணாயினும், பன்னிரண்டாம் வகுப்பு முடியுமுன் மணத்தின் பொருட்டோ கடைவேலையின் பொருட்டோ ஒரு பிள்ளையும் நம் இல்லங்களில் நிறுத்தப்படலாகாது. கல்வி நிதி வழங்குங்கால் மதிப்பெண் முதல்வரை மட்டும் நோக்காது, வறுமையோடு பயிலும் நடுத்தர மாணவரையும் நோக்குதல் வேண்டும். நம் பிள்ளை, சிறப்பாக நம் பெண், தொலைவூர்க்குக் கற்கச் செல்லுங்கால், தடுத்துப் பேசுவாரை விடுத்து, வழியனுப்பச் செல்வாராக நாம் இருத்தல் வேண்டும்.

கடைசி வரிசையிற் பேசாதிருக்கும் பிள்ளையை நாளை பெயர் சொல்லி அழைப்பேன் என்று எனக்கு யானே ஓர் உறுதி செய்துகொண்டு இதனை முடிக்கின்றேன்.

வாழ்க கல்வி! வளர்க நம் இளையோர்!