படத்தில் கண்ட எலும்பு

நெல்லிக்குப்பத்தில் பிறந்த எனக்குக் கரும்பு வண்டிகளே முதற் காட்சி. சர்க்கரை ஆலையின் வாயிலில் அவை நிரை நிரையாய் நிற்கும். கரும்புக் கட்டுகளைத் தலையில் சுமந்து ஏற்றும் ஆட்கள், பொழுது சாய்ந்ததும் துண்டால் இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு திண்ணையில் சாய்வார்கள். என் பெரியப்பாவும் அவர்களுள் ஒருவர். வலி பொறுக்காமல் ஒருநாள் அவர் எக்ஸ்ரே எடுத்து வந்தார். "பிறவியிலேயே எலும்பு கோளாறாம். இனிச் சுமையே தொடக்கூடாதாம்" என்றார். இளமையில் நாள் முழுதும் சுமந்தபோதும் அதே எலும்புதானே அவருக்கு இருந்தது? அந்த ஐயமே இவ்வரலாற்றைத் தேடும்படி என்னைத் தூண்டியது.

மனிதனுக்கு இடுப்பு முள்ளெலும்புகள் ஐந்து. அவற்றுக்குக் கீழே, ஐந்து துண்டுகள் ஒன்றாகிய திருவெலும்பு உள்ளது. சிலருக்கோ ஐந்தாம் முள்ளெலும்பின் பக்க நீட்சி அகன்று திருவெலும்பைத் தொட்டுவிடுகிறது. வேறு சிலருக்குத் திருவெலும்பின் முதல் துண்டு தனித்து நின்று, ஆறாவது இடுப்பெலும்புபோல் தோன்றுகிறது. பிணத்தை அறுத்துப் பார்த்தவர் இவற்றைக் காணலாம். ஆனால் பிணம் தன் வலியைச் சொல்லாதே! 1895இல் ரான்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்த பின்னரே, உயிருள்ளவரின் எலும்பையும் நோவையும் ஒருங்கே நோக்க வழி பிறந்தது. 1917இல் இத்தாலிய மருத்துவர் மரியோ பெர்ட்டோலாட்டி, இவ்வெலும்பு மாறுபாட்டுக்கும் இடுப்பு வலிக்கும் தொடர்புண்டு என எழுதினார். அவ்வலி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. நம் சென்னையில் பார்னார்டு கதிரியல் நிலையம் 1934இல் திறக்கப்பட்டது.

தொடர்பு பொய்யன்று. ஒட்டிய இடத்தில் உருவாகும் போலி மூட்டு உராய்ந்து நோகலாம். அதற்கு மேலுள்ள வட்டு கூடுதல் பாரம் தாங்கித் தேயலாம். எனினும் இம்மாறுபாடு உடையோர் ஆய்வுக்கு ஆய்வு நூற்றுக்கு 4 முதல் 30க்கு மேலும் காணப்படுகின்றனர். அவர்களுள் மிகப் பலர் வலியே அறியாதவர்கள். ஆதலால் படம் ஒரு சாட்சி மட்டுமே. அதை நீதிபதியாக்கியதுதான் தவறு என்பது என் கருத்து. அறுவை மருத்துவருக்கோ அது இன்றியமையாதது: எண்ணிக்கை பிழைத்தால் கத்தி வேறு வட்டில் இறங்கிவிடுமே!

பின்னொரு மருத்துவர், படத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் பெரியப்பாவைக் குனியச் சொன்னார், நிமிரச் சொன்னார், நடக்கச் சொன்னார், இடுப்பை அங்குலம் அங்குலமாய் அழுத்திப் பார்த்தார். வலித்தது, ஒட்டிய எலும்பின் பக்கமன்று, மறுபக்கத்துத் தசையில். இரண்டு திங்கள் உடற்பயிற்சிக்குப் பின், அடுத்த அரவைப் பருவத்தில், சிறு கட்டுகளோடு அவர் மீண்டும் ஆலை வாயிலில் நின்றார்.