பி.எஸ். அடித்தால் பதில் சொல்வது யார்?

பாகூர்ல எங்க சித்தப்பாவோட மோட்டார் கொட்டகைல ஒரு சின்ன லினக்ஸ் போர்டு இருக்கு. ஏரியில தண்ணி இறங்கிட்டா போர்வெல்தான் கதி. போன்லயே மோட்டாரைப் போட நான் வச்சுக் கொடுத்தது. நாத்து விட்ட வாரம் பார்த்து அது பேச்சு மூச்சில்லாமப் போச்சு. பழைய ஸ்டார்ட்டரைக் கழட்டினதும் நான்தான். "கரண்ட் இருக்குடா, உன் பொட்டிதான் தூங்குது"ன்னார்.

சீரியல் கேபிளைச் சொருகி, பழக்கதோஷத்துல 'பி.எஸ். ஏ.யூ.எக்ஸ்.' அடிச்சேன். நாலஞ்சு பத்திதான் வந்தது. சிபியூ சதவீதமே காணோம். ஏன்னு தேடப்போய்க் கிடைச்ச கதைதான் இன்னைக்கு.

1970களின் யூனிக்ஸில், என்னென்ன புராசஸ் ஓடுகிறது என்று கேட்டால், பி.எஸ். கர்னலின் நினைவகத்துக்குள்ளேயே கைவிட்டுத் துழாவும். உள்ளே எது எங்கே இருக்கிறது என்பது அதற்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். கர்னலின் அமைப்பு மாறினால் பி.எஸ்.ஸையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டியதுதான்.

1984-இல் பெல் ஆய்வகத்தின் டாம் கில்லியன் இதற்கு ஒரு வழி சொன்னார்: ஒவ்வொரு புராசஸும் ஒரு கோப்பு. எட்டாம் பதிப்பு யூனிக்ஸில் 'ப்ராக்' வந்தது அப்படித்தான். அதையே பிளான் 9, புராசஸுக்கு ஒரு கோப்புறையாக்கி, கண்ணால் படிக்கும் எழுத்தாகத் தந்தது. லினக்ஸும் அந்த வழியில் போனது. அந்தக் கோப்புகளின் அளவைப் பார்த்தால் பூஜ்யம் என்றுதான் காட்டும். நாம் படிக்கும் நொடியில்தான் கர்னல் எழுதித் தருகிறது. வட்டில் ஒரு பைட்டும் இல்லாத கோப்பு! எனக்கு இது இன்னும் அதிசயம்தான்.

அந்தப் பத்திகள் எங்கே போயின? அதற்குக் காரணம் ஒரு ஃபிளாப்பி. 1995-இல் டெபியன் நிறுவலை ஒரே ஃபிளாப்பியில் அடக்க புரூஸ் பெரன்ஸ் எழுதியது பிஸிபாக்ஸ். இன்று பி.எஸ்., டாப், எல்.எஸ். எல்லாமே அதில் ஒரே நிரல்; இடத்தை மிச்சம் பிடிக்க, அத்தியாவசியம் போக மற்றதை வெட்டிவிடுவார்கள். ரவுட்டர்களிலும் பெரும்பாலும் இதுதான்.

இருந்த பத்தியே எனக்குப் போதும்னு ஆச்சு. மோட்டார் நிரலோட நிலைல ஆங்கிலத்தின் நாலாவது எழுத்து, 'டி'. உள்ளீட்டுக்கோ வெளியீட்டுக்கோ காத்துக்கிட்டு, எழுப்ப முடியாத தூக்கத்துல இருக்குன்னு அர்த்தம். 'கில் மைனஸ் 9'க்கும் மசியலை. பதிவு எழுதப்போன எஸ்டி கார்டுதான் பழுது.

கார்டை மாத்தினேன். ராத்திரி பத்து மணிக்குத் தண்ணி பாய்ஞ்சுது. மறுநாளே சித்தப்பா பழைய ஸ்டார்ட்டரையும் பக்கத்துல மாட்டச் சொல்லிட்டார். நானும் மறுத்துப் பேசல.